தண்டலம் பஸ்ஸில் போன தொப்புள்கொடி

கண்ணு, ஞாயிற்றுக்கிழமை நீ குஜராத்துக்கு ரயில் ஏறுகிறாய். இரண்டு வருஷம்தான் என்கிறாய். கம்பெனி சொல்கிற இரண்டு வருஷம் எவ்வளவு நீளும் என்று யாருக்குத் தெரியும்? பெட்டியில் என்னென்ன வைப்பது என்று நீயும் உன் அப்பாவும் கூடத்தில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பருப்புப் பொடி போதும், ஊறுகாய் புட்டி வழியில் உடையும் என்கிறார் அவர். புட்டியைப் பற்றி அவர் பேசும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். நான் சமையலறை மேடையில் காகிதத்தை வைத்துக்கொண்டு நின்றபடியே இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். ஆனால் வாயால் சொல்ல வராதது கையால் வரும் என்று எனக்கு எப்போதும் ஒரு நம்பிக்கை உண்டு. உனக்கு மட்டும் எழுதி மடித்துப் பெட்டியில் வைத்தால், படிக்காமலே சட்டைக்கு அடியில் போட்டுவிடுவாய். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்துக்கு அனுப்புகிறேன். ஓரகடத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகளும் படிக்கட்டும், அவர்களைப் பெற்றவர்களும் படிக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை உன் சிநேகிதன் கோபி பைக்கை எடுத்துப்போக வந்தான். காபி குடித்துக்கொண்டே, ஒன்றும் தெரியாத குழந்தை மாதிரி என்னைப் பார்த்துச் சொன்னான்: "அம்மா, நீங்களாச்சும் சொல்லுங்க. கம்பெனி செக்கப்புல எங்க லைன்ல எல்லாருக்கும் ஓகே ஆயிடுச்சு. இவன மட்டும் மறுபடி வரச் சொல்லிக்கீறாங்க. கொழுப்பு ஜாஸ்தியாம், ரத்தத்துல எங்கியோ அழற்சி காட்டுதாம். சனிக்கிழம வரைக்கும் டைம் குடுத்துக்கீறாங்க, இவன் அசையவே மாட்றான்." நீ மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தாய். "டேய், வாய மூட்றா. எனக்கு இன்னா எங்கனா வலிக்குதா? ஷிஃப்ட் மாறி மாறிப் பாத்தா எல்லாருக்கும் அப்படித்தான் காட்டும்" என்றாய். உன் அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "வுடு கோபி, முப்பது வயசுல எவனுக்கு இன்னா வந்துடப் போவுது" என்றார். நெஞ்சுக்குள் ஸ்டென்ட் என்கிற கம்பிச் சுருள் வைத்துக்கொண்டிருக்கிற மனிதர் சொல்கிற பேச்சா இது? தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அன்றிலிருந்து குழம்பு கரியாகிறது, பாலைப் பொங்கவிடுகிறேன். 'எனக்கு வலிக்குதா' என்று நீ கேட்ட அந்தக் கேள்வியை, வேறு சொற்களில் நானே ஒருத்தரிடம் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்குப் பதினேழு வயது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று. இந்தச் சாலையில் கார் கம்பெனிகள் வருவதற்கு முந்தைய காலம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டரம்மா பிரசவ ஆஸ்பத்திரி வைத்திருந்தார். நான் அங்கே பெருக்கித் துடைத்து, வெந்நீர் போட்டு, துணி அலசுகிற வேலையில் இருந்தேன். என்னைச் சேர்த்துவிட்டது எங்கள் தெரு ரோசம்மா. பிரசவ அறையில் ஆயாவாக இருந்தார். ஊருக்கே ரோசக்கா. பெரிய தொண்டை, பெரிய கை. வலியில் கத்துகிற பெண்ணைவிட ரோசக்காவின் குரல்தான் தெருவுக்குக் கேட்கும். நானோ யாராவது பெயர் கேட்டால்கூட முந்தானையைப் பார்த்துப் பதில் சொல்கிறவள். "இவ வாயில கொழுக்கட்டைய வெச்சி அனுப்பிக்கீறான் கடவுளு" என்று ரோசக்கா எல்லோரிடமும் சொல்வார். பள்ளியை விட்டதும் அதனால்தான். படிப்பு வராமல் இல்லை. எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் குரல் வராது. வகுப்பு சிரிக்கும். ஒருநாள் போகாமல் இருந்தேன், அப்புறம் போகவே இல்லை. வீட்டிலும் யாரும் ஏன் என்று பெரிதாகக் கேட்கவில்லை.

அந்த வருஷத் தொடக்கத்தில் தண்டலத்துப் பக்கம் ஒரு கல்லூரியிலிருந்து சுகந்தி மேடம் என்று ஒருவர் வந்தார். ஒல்லியான உருவம், மூக்குக் கண்ணாடி, ரப்பர் செருப்பு. ரத்தக்குழாயின் உள்சுவரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். அதற்கு உயிருள்ள மனிதக் குழாய் வேண்டும். யாருடைய உடம்பிலிருந்து வெட்டி எடுப்பது? பிள்ளை பிறந்ததும் வேண்டாம் என்று புதைக்கிற தொப்புள்கொடியில் நல்ல பெரிய ரத்தநரம்பு ஒன்று ஓடுகிறதே, அதைக் கொடுங்கள் என்று டாக்டரம்மாவிடம் கேட்டார். உலகத்தில் எல்லா இடத்திலும் இப்படித்தான் எடுக்கிறார்களாம். கொடியை உப்புத் தண்ணீர் நிரப்பிய சுத்தமான புட்டியில் போட்டு, ஐஸ் வைத்த டப்பாவில் இறக்கி, சீக்கிரமாகக் கொண்டுவந்து சேர்க்க ஒரு ஆள் வேண்டும். டாக்டரம்மா சுற்றிலும் பார்த்தார். பேசாமல் நின்றிருந்த ஒரே ஆள் நான்தான்.

கொண்டுபோவது சுலபம். கேட்பதுதான் கஷ்டம். பெற்றவளிடமும் கூட இருப்பவர்களிடமும் சம்மதம் கேட்காமல் எடுக்கக்கூடாது என்பது மேடத்தின் கண்டிப்பு. நான் கட்டிலருகே போய் நின்று, "கொடி..." என்பேன். அதற்கு மேல் வராது. அதற்குள் யாராவது ஒரு மாமியார் எழுந்துவிடுவார். "கொடிய எடுத்துகினு போயி இன்னா பண்ணுவீங்க? செய்வினையா? அத வெச்சித்தானே புள்ளைக்குத் தாயத்து கட்டணும்?" ரோசக்கா கைகூடத் துடைக்காமல் வந்து நிற்பார். "தாயத்துக்குப் புள்ள வயித்துல ஒட்டிகினுகீற துண்டு கீதில்ல, அது காஞ்சி விழும், எடுத்துக் கட்டிக்கோ. இது நீ கொல்லையில பொதைக்கப் போறது. நாய் தோண்டித் தின்னா பரவால்ல, படிச்சவங்க பாத்தா தப்பா?" அதோடு முடிந்துவிடும். நான் புட்டியை நீட்டுவேன்.

பஸ்ஸில்தான் உன் அப்பாவைப் பார்த்தேன். தண்டலம் வழியாகப் போகிற டவுன் பஸ்ஸில் அவர் கண்டக்டர். மடியில் டப்பாவைக் கட்டிக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்த்து, "இன்னாம்மா டெய்லி புட்டியும் கையுமா? ஊறுகா யாவாரமா? நமக்கு ஒரு துண்டு குடேன்" என்பார். பஸ்ஸே சிரிக்கும். எனக்குக் காது சூடாகும். மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு நம் ஊர் பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரர்கள் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார்கள். அது உனக்குத் தெரிந்த கதைதான். அந்த நாட்களில் பஸ்ஸை நிறுத்தி நிறுத்திப் பை சோதித்தார்கள். ஒருநாள் ஒரு போலீஸ்காரர் என் டப்பாவைக் காட்டி, "தொற" என்றார். திறந்தால் ஐஸ் போய்விடும். என்னவென்று சொன்னால் எல்லோரும் பார்ப்பார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது அவருக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. அப்போது உன் அப்பா விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு இறங்கி வந்தார்.

"சார், அது கொடி சார்."

"கொடியா? எந்தக் கட்சிக் கொடி?"

"அய்ய, புள்ள பொறந்த கொடி சார். ஆஸ்பத்திரி சாமான். தொறந்தீங்கன்னா கெட்டுப்பூடும், அப்பறம் அந்தக் காலேஜு மேடம் வந்து உங்களத்தான் கேப்பாங்க."

போலீஸ்காரர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம் வேறு. டப்பாவில் இருப்பது என்ன என்று இந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? மறுநாள்தான் சொன்னார். என்னை ஏன் தினமும் ஊறுகாய்க்காரி என்று கூப்பிடுகிறோம் என்று ஒருநாள் அவருக்கே உறுத்தியிருக்கிறது. நேராக ரோசக்காவிடம் போய் விசாரித்திருக்கிறார். அதற்கப்புறம் அவர் கிண்டல் செய்யவில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கிற இருக்கையை எனக்காகப் பிடித்து வைத்தார். பள்ளம் வரும் இடத்தில் "பாத்து, கொடி வருது" என்று ஓட்டுநருக்குக் குரல் கொடுப்பார். உன் அப்பாவிடம் எனக்குப் பிடித்தது என்ன என்று நீ சின்ன வயதில் கேட்டாய். நான் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். இதுதான்.

லேபில் எனக்கு வேலை எதுவும் இல்லை. கொடுத்துவிட்டுத் திரும்பலாம். ஆனால் திரும்பும் பஸ் வர நேரமாகும் என்பதால் மேடம் என்னை ஸ்டூலில் உட்காரச் சொல்வார். கொடியில் ஓடும் நரம்பைக் கழுவி, உள்ளே ஒரு மருந்தை நிரப்பிக் கொஞ்ச நேரம் வைப்பார். உட்சுவரில் ஒட்டியிருக்கும் அணுக்கள் கழன்று வரும். அவற்றைச் சின்னக் கிண்ணம் போன்ற தட்டில் போட்டு, உடம்புச் சூட்டில் இருக்கிற பெட்டிக்குள் வைப்பார். சில நாட்களில் அவை தட்டு முழுக்கப் பரவி ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். மைக்ரோஸ்கோப்பில் முதல்முறை பார்த்தபோது மூச்சு நின்றது எனக்கு. நன்றாகத் தளம் பாவிய கோயில் பிராகாரம் மாதிரி, ஒரு இடைவெளி இல்லை. "இதுதான்மா ரத்தக்குழாயோட உள்தரை. ஒரே ஒரு வரிசை. இவ்வளவு மெல்லிசு, ஆனா எல்லாம் இதோட கையிலதான் இருக்கு" என்றார்.

அப்புறம் அந்தத் தட்டில் ஒரு சொட்டு விடுவார். உடம்பில் எங்காவது அடிபட்டால், கிருமி வந்தால், ஓர் அணு இன்னோர் அணுவுக்குச் செய்தி சொல்ல அனுப்புகிற பொருளாம் அது. விட்டுவிட்டுச் சில மணி நேரம் கழித்து, ரத்தத்தின் வெள்ளை அணுக்களை அதன்மேல் ஊற்றுவார். அந்த வெள்ளை அணுக்கள் அவருடைய சொந்த ரத்தத்தில் இருந்தே எடுத்தவை. வேறு யாரையும் அடிக்கடி குத்த அவருக்கு மனசு வராது. சொட்டு விடாத தட்டில் வெள்ளை அணுக்கள் உருண்டு போய்க் கழுவும்போது போய்விடும். சொட்டு விட்ட தட்டில் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கும், எவ்வளவு கழுவினாலும்.

"ஏன் மேடம் போவல?" என்று கேட்டேன். அவரிடம் நான் பேசிய முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"சுவர் கூப்பிடுதும்மா. அந்தச் செய்தி வந்ததும் மேல கொக்கி மாதிரி நீட்டுது. போறவங்க மாட்டிக்கறாங்க."

"யார கூப்புடுது?"

"காவலுக்கு. நல்லதுக்குத்தான். அடிபட்ட இடத்துக்கு ஆள் வேணுமில்ல? வந்து வேலைய முடிச்சிட்டுப் போயிட்டா சரி. ஆனா சில சுவர் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். சிகரெட்டுப் புகை, சர்க்கரை, பிபி, ரத்தத்துல கெட்ட கொழுப்பு, எது உறுத்தினாலும் கூப்பிடும். வந்தவங்க சுவத்துக்குள்ள நுழைவாங்க. அங்க தேங்கியிருக்கிற கொழுப்பை வாரித் தின்பாங்க. தின்னு தின்னு உப்பி, வெளிய வர முடியாம அங்கேயே தங்கிடுவாங்க. அவங்க பங்குக்கு அவங்களும் ஆள் கூப்பிடுவாங்க. அப்படித்தான் முதல் தடிப்பு ஆரம்பிக்குது. கிழவயசுல இல்ல. சின்ன வயசுலயே."

அப்போதுதான் கேட்டேன். "உள்ள இவ்ளோ நடந்தா வலிக்காதா மேடம்?"

"வலிக்காதும்மா. அதான் கஷ்டம்."

அந்த வருஷம் முழுக்க மேடத்துக்கு ஒரு தலைவலி இருந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற கொடிகளில் சுவர் ஒழுங்காக இருக்கும். நம் ஆஸ்பத்திரிக் கொடிகளில் பாதிக்கு மேல் கெட்டிருக்கும். அணுக்கள் சரியாகக் கழன்று வராது. நரம்பை மெல்லிசாக அரிந்து பார்த்தால் அங்கங்கே தோல் உரிந்தது போல் வெறும் சுவர். மீதி இடத்தில் சொட்டு எதுவும் விடாமலே வெள்ளை அணுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். உப்புத் தண்ணீரை மாற்றினார். புட்டியை மாற்றினார். பஸ் குலுக்கலோ என்று என்னை ஆட்டோவில்கூட வரச் சொன்னார். அப்படியும் அதே கதைதான். "எடுக்கும்போது யாராவது கொடிய அழுத்தறாங்களாம்மா?" என்று ஒருநாள் கேட்டார். எனக்கு ரோசக்காவின் கை கண்முன் வந்தது. பிள்ளை வெளியே வந்ததும் ரோசக்கா கொடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, பால் கறக்கிற மாதிரி, தாயின் பக்கத்திலிருந்து பிள்ளையின் வயிற்றுப் பக்கமாக இழுத்து உருவுவார். ஒருமுறை, இன்னொருமுறை, மனசு நிறையும்வரை. எங்கள் பக்கத்தில் பிரசவம் பார்த்த பெண்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். நான் முந்தானையைப் பார்த்துக்கொண்டு, "தெரியல மேடம்" என்றேன். சோறு போட்ட வேலையைக் கொடுத்தவரை நான் எப்படிக் காட்டிக்கொடுப்பது?

கடைசியில் மேடமே பஸ் ஏறி வந்துவிட்டார். பிரசவ அறை மூலையில் நின்று பார்த்தார். ரோசக்கா உருவியதும், "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார். அறைக்கு வெளியே இரண்டு பேரும் பேசிக்கொண்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஏங்க, உள்சுவர் எல்லாம் பிஞ்சி போகுதுங்க. ஒரே வரிசைதான் இருக்கு. உருவினா அது தாங்காது."

"சொவுரு கெடக்குது மேடம். அதுல கீறது புள்ளையோட ரத்தம். கடைசி சொட்டு வரைக்கும் அதுக்குத்தான். அத மண்ணுல வுட்டுட்டு வான்னா நான் எப்படி வுடுவேன்? சோகை புடிச்ச புள்ளையா ஆயிடாது?"

"கொஞ்சம் காத்திருந்தா துடிப்பு தானா அடங்கும். போக வேண்டியது தானா போயிடும்."

"செரி மேடம்" என்றார் ரோசக்கா, மிகவும் பவ்யமாக. மறுநாளும் உருவினார். கேட்டதற்கு, "நான் இன்னா பண்றது, கை அதுவா போவுது" என்றார். மேடம் கோபப்படவே இல்லை. பிறகு ரோசக்காவுக்கு விடுமுறை உள்ள நாட்களில் மட்டும் கொடி அனுப்பச் சொன்னார். அந்தக் கொடிகள் எல்லாம் பட்டணத்துக் கொடி மாதிரியே அமைதியாக வந்தன. அது எனக்கு ரொம்ப நாள் மனசை அறுத்தது. ஆசையாக, பிள்ளைக்கு என்று நினைத்துச் செய்கிற காரியம்தான் சுவரைப் பிய்க்கிறது. உனக்கு ஷிஃப்ட் முடிந்து வந்ததும் நான் சுட்டுப் போட்ட வடையும், 'பாவம் களைச்சி வந்திருக்கான்' என்று நெய்யில் முறுக வைத்த தோசையும் ஞாபகம் வருகிறது. என் கையும் அதுவாகத்தான் போயிருக்கிறது.

எனக்கும் உன் அப்பாவுக்கும் கல்யாணமாகி நீ வயிற்றில் வந்தபோது, நான் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். கொடியை மேடத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. ரோசக்காவிடம் மாதக்கணக்கில் சொல்லி வைத்தேன், உருவக்கூடாது என்று. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். காலையில் வலி எடுத்தது, மத்தியானம் நீ பிறந்தாய். உன்னைத் தூக்கிக் காட்டினார்கள். கண்ணைத் திறந்து பார்த்தால், கண்ணீர் வழிய உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ரோசக்கா கையைக் கொடிக்குக் கொண்டுபோகிறார். நான் கத்தினேன். "உருவாதீங்க!"

அப்படி ஒரு சத்தம் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது. டாக்டரம்மா கையிலிருந்த கத்தரி கீழே விழுந்தது. வராந்தாவில் நின்றிருந்த உன் அப்பா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். ரோசக்காவின் கை அந்தரத்தில் நின்றது. அப்புறம் ரோசக்காதான் சிரித்தார். "அடிப் பாவி, கொழுக்கட்டைய துப்பிட்டாடா!" கொடியில் துடிப்பு அடங்கும்வரை எல்லோரும் சும்மா காத்திருந்தார்கள். அந்தத் துடிப்பை நான் என் விரலால் தொட்டுப் பார்த்தேன். உன் நெஞ்சின் அடி அது. மெதுவாகி, மெதுவாகி, நின்றது. அப்புறம் வெட்டினார்கள். உன் அப்பாவே புட்டியை எடுத்துக்கொண்டு தண்டலத்துக்கு ஓடினார். அவர் பஸ்ஸில், அவர் பிள்ளையின் கொடி. பள்ளம் வந்த இடத்திலெல்லாம் ஓட்டுநரைத் திட்டினாராம்.

உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடமாட ஆரம்பித்ததும் மேடம் என்னை வரச் சொன்னார். மேஜையில் இரண்டு தட்டுகள் இருந்தன. இரண்டிலும் நீ. முதல் தட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். நான் எத்தனையோ தட்டு பார்த்திருக்கிறேன் கண்ணு, அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வரிசை வரிசையாக, ஓரம் பிசகாமல், நிதானமாகப் படுத்திருந்தாய். வெள்ளை அணுக்களை ஊற்றி, கழுவினார். ஒன்றுகூட நிற்கவில்லை. எல்லாம் வழியோடு போயின. "எவ்வளவு சுத்தமான சுவர் பாரு" என்றார் மேடம். நீ என் தோளில் ஏப்பம் விட்டாய். அப்புறம் அவர் இரண்டாவது தட்டை எடுத்தார்.

"மேடம், அதுல..."

"சொட்டு விட்டிருக்கேன்மா. ஒண்ணு விடாம, ஒண்ணு விட்டு. ஒப்பிட்டுப் பாக்கணுமில்ல?"

நான் எழுந்துவிட்டேன். "எனக்கு இது போதும் மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து மரத்தடியில் நின்றேன். அந்த இரண்டாவது தட்டை நான் பார்க்கவே இல்லை. அது வெறும் தட்டு, உன் உடம்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று தெரிந்தும், பார்க்க மனசு வரவில்லை. பிறகு மேடம் வேறு ஊருக்குப் போய்விட்டார். அந்த லேபும் இல்லை. ரோசக்கா போய்ச் சேர்ந்தும் பல வருஷம் ஆகிறது. ஆனால் உன் முதல் தட்டு மட்டும் என் கண்ணுக்குள் இருக்கிறது. நீ பரீட்சையில் தோற்றபோதும், யாரோடோ சண்டை போட்டுச் சட்டை கிழிந்து வந்தபோதும் அதைத்தான் நினைத்துக்கொள்வேன். உன்னை அவ்வளவு உள்ளே போய்ப் பார்த்தவள் நான், வேறு எந்த அம்மாவுக்கும் அது கிடைத்திருக்காது என்று ஒரு கர்வம்கூட உண்டு.

உன் அப்பாவின் விஷயம் உனக்கே தெரியும். இடது கையைத் தேய்த்துக்கொண்டு 'வாயுப் பிடிப்பு' என்று சோடா குடித்துக்கொண்டே இருந்தார். நான் சொன்னேன். ஆனால் எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். "கொடி தூக்கனவ டாக்டராயிட்டா" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். நீ பள்ளி முடித்த வருஷம் பணிமனையில் அவர் சுருண்டு விழுந்தபோது கூட இருந்தவர்கள் தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தார். அவர் குழாயில் அந்தத் தடிப்பு எந்த வயதில் ஆரம்பித்திருக்கும் என்று பெரிய டாக்டரைக் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா, இருபது வருஷம் முன்னாடியே இருக்கலாம்" என்றார். கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். என்னைப் பார்த்து ஊறுகாய் கேட்ட நாட்களிலேயே, விசிலை ஊதிக்கொண்டு, டீக்கும் பீடிக்கும் நடுவில், அவர் சுவர் கூப்பிட ஆரம்பித்திருக்கிறது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் எங்கும் வலிக்கவில்லை.

நீ ஓரகடம் டீக்கடையில் ஷிஃப்ட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று பிடிப்பது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வரும்போது பாக்கு மென்றுகொண்டு வருவதும் தெரியும். பகலில் தூங்கி ராத்திரி விழித்து, திரும்பவும் மாற்றி, உன் உடம்புக்குக் காலையா மாலையா என்று குழப்பமாகிவிட்டது என்பதும் தெரியும். இதையெல்லாம் குற்றம் என்று சொல்லவில்லை. அந்த வேலை அப்படி. உனக்கு ஏதோ வந்துவிட்டது என்றும் சொல்லவில்லை. அந்தப் பரிசோதனையில் காட்டுவது ஒரு சளிக்காய்ச்சலாகக்கூட இருக்கலாம். ஆனால் உள்ளே சுவர் கூப்பிடுகிறதா என்று தெரிந்துகொள்ள வலி உதவாது, ரத்தம்தான் சொல்லும். ஆரம்பத்தில் பார்த்தால் சாப்பாட்டையும் புகையையும் மாற்றி, மாத்திரை வேண்டுமென்றால் மாத்திரை போட்டு, சுவரைச் சமாதானப்படுத்த முடியும். உன் அப்பாவுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. உனக்கு ஒரு கம்பெனி தானாகவே கூப்பிட்டுக் கொடுக்கிறது. நீ வாயைத் திறக்காமல், யாரிடமும் சொல்லாமல், சாக்குச் சொல்லி நகர்கிறாய். அந்தப் பழக்கம் யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா?

அன்றைக்கு மரத்தடிக்குப் போய் நான் பார்க்காமல் விட்ட அந்த இரண்டாவது தட்டுதான், இந்தச் சனிக்கிழமை பார்க்க வேண்டியது. இந்தத் தடவை நான் எழுந்து போக மாட்டேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்ப்பேன்.

சனிக்கிழமை காலையில் ஒன்றும் சாப்பிடாதே. டீயும் வேண்டாம், டீயோடு போகிற மற்றதும் வேண்டாம். நானும் சாப்பிடாமல் வருகிறேன். ரத்தம் கொடுத்துவிட்டு எதிர்க் கடையில் இரண்டு பேரும் இட்லி சாப்பிடலாம். உன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போவோம், வழியெல்லாம் பள்ளத்தைக் காட்டிக்கொண்டே வரட்டும். விடிந்ததும் நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பேன். நீ போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, 'எனக்கு இன்னா வலிக்குதா' என்று உள்ளேயிருந்து கேட்டால், நம் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். அம்மாவுக்கு அதெல்லாம் வராது என்று நினைக்காதே. நீ பிறந்த அன்றைக்கே எனக்கு அது வந்துவிட்டது.